பெர்னதெத்தின் வாடகை வீடுகள்

லூர்து அன்னையின் கெபி இல்லாத பங்குக் கோயில் நம் நாட்டில் அரிது. கருங்கல்லில் கட்டினாலும் சிமெண்ட்டில் கட்டினாலும் அமைப்பு ஒன்றுதான். மேலே நீலக் கச்சை அணிந்த அன்னை. கீழே முழந்தாளிட்ட ஒரு சிறுமி. தலையில் முக்காடு, கையில் செபமாலை. நாம் மெழுகுதிரி ஏற்றும்போது நம் கண்கள் அன்னையின் முகத்தை நோக்கி உயர்கின்றன. அச்சிறுமியின் கால்களை நாம் உற்றுப் பார்ப்பதில்லை. முதற்காட்சியின்போது அவள் ஒரு காலில் காலுறை அணிந்திருந்தாள், மற்றொன்றைக் கழற்றியிருந்தாள். அந்தக் காலுறைக்கு ஒரு வரலாறு உண்டு. அது ஒரு நோயின் வரலாறு. ஒரு குடும்பம் வீடு வீடாக இறங்கிச் சென்ற வரலாறும்கூட.

திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1992ஆம் ஆண்டு நோயாளர் உலக நாளை ஏற்படுத்தினார். 1993 முதல் அது பிப்ரவரி 11ஆம் நாள் சிறப்பிக்கப்படுகிறது. அன்று நம் பங்குகளில் நோயாளருக்காகத் திருப்பலி நிறைவேற்றுகிறோம். லூர்து நகரில் நலம் பெற்றோரைப் பற்றி மறையுரை கேட்கிறோம். ஆயினும், 1858 பிப்ரவரி 11 அன்று மசாபியேல் குகை முன் நின்றவளே ஒரு நாட்பட்ட நோயாளி என்பதை எத்தனை பேர் நினைவுகூர்கிறோம்? அவளுடைய குடும்பம் 1856இன் தொடக்கத்திலிருந்து 1857இன் தொடக்கத்திற்குள் மூன்று கூரைகளின்கீழ் வாழ்ந்தது. அந்த ஓராண்டைப் பற்றியே இங்குச் சிந்திக்க விழைகிறோம்.

பிரான்சின் தென்மேற்கில், பிரனே மலைகளின் அடிவாரத்தில், ஏறத்தாழ நான்காயிரம் பேர் வாழ்ந்த சிற்றூராக இருந்தது அன்றைய லூர்து. அவ்வூரின் ஓடைக்கரையில் நீரால் இயங்கும் மாவாலைகள் பல இருந்தன. அவற்றுள் ஒன்று பொலி ஆலை. நம் களத்துமேட்டில் 'பொலி' என்றால் தூற்றிக் குவித்த நெல். நிறைவின் சொல் அது. மொழிகளுக்கிடையே தொடர்பு ஏதுமில்லை என்றாலும், அந்த ஆலையிலும் தொடக்கத்தில் நிறைவு இருக்கவே செய்தது. 1843 சனவரி 9 அன்று பிரான்சுவா சுபிரூவும் லூயிஸ் காஸ்தெரோவும் திருமணம் செய்துகொண்டார்கள். மணமகனுக்கு வயது 35, மணமகளுக்கு 17. ஆலை லூயிசின் குடும்பத்தாருடைய கையில் இருந்தது. அவளுடைய தந்தை விபத்தில் இறந்துவிட, ஆலையை நடத்த ஓர் ஆண்மகன் தேவைப்பட்டான். மூத்தவள் பெர்னார்தையே பிரான்சுவாவுக்குக் கொடுப்பதாக வீட்டார் எண்ணியிருந்தனர். அவரோ இளையவளை விரும்பினார். வசதிக்காகவே திருமணங்கள் நடந்த அக்காலத்தில் இது காதல் திருமணம்! மறு ஆண்டு, 1844 சனவரி 7 அன்று, மூத்த மகள் பெர்னதெத் பிறந்தாள்.

அந்த ஆலை ஏன் கைவிட்டுப் போயிற்று? சோம்பல் என்றும் குடி என்றும் ஊரார் பேசிக்கொண்டார்கள். வறியவர் வீழ்ந்தால் அப்படித்தான் பேசுவார்கள். காரணங்கள் வேறு. திரிகைக் கல்லைக் கொத்தும்போது சில்லுத் தெறித்துப் பிரான்சுவாவின் இடக்கண் பார்வை போயிற்று. நீராவியால் இயங்கும் ஆலைகள் பெருகிவந்த காலம் அது. சிறிய நீராலைகளுக்கு வேலை குறைந்தது. இவற்றோடு கணவன் மனைவி இருவருக்குமே கறாராகக் கூலி கேட்கத் தெரியாது. தானியம் அரைக்க வந்தவர்களுக்கு லூயிஸ் உணவு பரிமாறுவாள். கூலியைப் பிறகு தருவதாகச் சொன்னால் தலையசைப்பாள். நம் ஊர்களிலும் இத்தகைய மளிகைக் கடைக்காரர்களை நாம் கண்டிருக்கிறோம். அவர்களுடைய கடன் குறிப்பேடு தடித்துக்கொண்டே போகும். கடையோ மெலிந்துகொண்டே போகும். 1854இல், புனித திருமுழுக்கு யோவான் திருநாளையொட்டி, வாடகை கட்ட வழியின்றிச் சுபிரூ குடும்பம் பொலி ஆலையை விட்டு வெளியேறியது. பெர்னதெத்துக்கு அப்போது பத்து வயது.

முதலில் லபோர்து இல்லம் என்ற வாடகை வீட்டில் குடியேறினார்கள். ஆலை நடத்தியவர் கூலியாளானார். அவருடைய நாட்கூலி 1 பிராங்கு 20 சாந்தீம். ஒரு குதிரையை ஒரு நாளைக்கு வாடகைக்கு எடுக்க இதைவிடக் கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருந்தது. லூயிஸ் துணி வெளுக்கவும் வயல் வேலைக்கும் சென்றாள்.

1855இன் இலையுதிர் காலத்தில் லூர்து நகரில் வாந்திபேதி பரவியது. பதினொரு வயதுப் பெர்னதெத்தை அது பற்றிக்கொண்டது. உயிர் பிழைத்தாள். ஆனால் உடல் அதன்பின் முன்போல் இல்லை. இழுப்பு நோய் அவளை விடாது பிடித்துக்கொண்டது, வயிறும் கெட்டது. பதினான்கு வயதிலும் அவளுடைய உயரம் 1.40 மீட்டர்தான்.

இழுப்பு எத்தகையது என்பதை அந்நோய் உள்ள வீட்டாருக்கு விளக்க வேண்டியதில்லை. பகலில் பிள்ளை ஓடியாடும். நோயாளி என்றே தோன்றாது. நள்ளிரவில் எழுந்து உட்கார்ந்துவிடும். நெஞ்சுக்கூடு ஏறி இறங்கும். நகமும் உதடும் நீலம் பாரிக்கும். தாய் முதுகைத் தடவிக்கொண்டு விடியலுக்காகக் காத்திருப்பாள். குளிர், ஈரச் சுவர், பூஞ்சை, அடுப்புப் புகை, தூசி ஆகியன இந்நோயைத் தூண்டுகின்றன என்பதை இன்று நாம் அறிவோம். நுண்ணிய மாவுத் தூசியும் அத்தகையதே. ஆக, இந்நோயாளிக்கு வீடு என்பது தலைக்கு மேல் ஒரு கூரை மட்டும் அன்று. அவள் இழுக்கும் மூச்சே அதுதான். சுபிரூ குடும்பமோ அந்த நோயுடன் வீட்டுக்கு வீடு கீழ்நோக்கி இறங்கியது.

அதே 1855 அக்டோபரில் லூயிசின் தாயார் இறந்து, 900 பிராங்கு பங்காக வந்தது. மூழ்குகிறவன் கையில் கிடைத்த கயிறு போன்றது அப்பணம். லூர்து நகருக்கு அருகிலுள்ள ஆர்சிசாக் என்ற ஊரில் சாரபேய்ரூஸ் என்னும் ஆலையைக் குத்தகைக்கு எடுத்தார்கள். மீண்டும் ஆலை, மீண்டும் தொழில், மீண்டும் பெயர்! ஆனால் குத்தகையின் நிபந்தனைகள் கடுமையாக இருந்தன. ஓராண்டுகூட நிறைவடையுமுன் முதலும் போயிற்று, ஆலையும் போயிற்று. பிரான்சுவா செய்தது அறிவீனம் என்று கூறுவோர் உண்டு. அந்தப் பணத்தை வைத்துக்கொண்டு இரண்டாண்டு அமைதியாக வாடகை கட்டியிருக்கலாமே என்பார்கள். தொழிலை இழந்த மனிதனுக்கு அத்தொழிலின் மீதுள்ள பசியை அறியாதவர்களின் பேச்சு அது என்றே நமக்குத் தோன்றுகிறது.

1856இல் லூர்துக்குத் திரும்பி, ரீவ் இல்லம் என்ற வீட்டில் ஓர் அறையில் தங்கினார்கள். அவ்வாண்டு விளைச்சல் பொய்த்தது. கோதுமை விலை ஏறியது. வாயொன்று குறையட்டும் என்று பெர்னதெத்தைப் பெரியம்மா பெர்னார்து அழைத்துக்கொண்டாள். அவளே பெர்னதெத்தின் ஞானத்தாயும் ஆவாள். அக்குளிர்காலத்தில் அச்சிறுமி பெரியம்மா வீட்டில் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டும் மதுக்கடையில் கைவேலை செய்துகொண்டும் இருந்தாள். சுமை குறைக்க முதலில் அனுப்பப்பட்டவள் நோயாளிப் பிள்ளையே! கல்நெஞ்சப் பெற்றோர் என்று நினைத்துவிட வேண்டாம். பெரியம்மா வீட்டில் சுவர் உலர்ந்திருந்தது. வேளைக்கு உணவு கிடைத்தது. பிள்ளையை அருகில் வைத்துக்கொள்வதா, அதற்கு நல்ல காற்றும் சோறும் கிடைக்கும் இடத்திற்கு அனுப்புவதா என்ற கேள்வி நோயாளிகள் உள்ள ஏழைக் குடும்பங்களுக்கு இன்றும் எழுவதுதான்.

ரீவ் இல்லத்தின் வாடகையும் நின்றுபோயிற்று. 1857இன் தொடக்கத்தில் அங்கிருந்தும் வெளியேற வேண்டியதாயிற்று. இப்போது ஊரில் அவர்களுக்கு வீடு கொடுப்பார் இல்லை. நம் நகரங்களில் வாடகைக்கு வீடு தேடி அலைந்தவர்களுக்கு இது புரியும். முதற்கேள்வி, எத்தனை பேர் என்பது. இரண்டாவது, என்ன வேலை என்பது. இருமல் சத்தம் கேட்டுவிட்டால் மூன்றாவது கேள்விக்கு இடமில்லை.

இறுதியில் உறவினர் அந்த்ரே சஜூசிடம் சென்றார்கள். அவர் கல் தச்சர். தம் மனைவி மக்களோடு ஒரு பழைய கட்டிடத்தின் மாடியில் வாழ்ந்தார். கீழே ஓர் அறை காலியாக இருந்தது. அதற்கு ஊரில் 'கஷோ' என்று பெயர். இருட்டுச் சிறை என்பது அதன் பொருள். உண்மையிலேயே அது சிறைக்கூடமாக இருந்ததுதான். உடல்நலத்திற்கு ஏற்றதன்று என்று 1824இல் கைதிகளை அங்கிருந்து மாற்றியிருந்தார்கள். கைதிகளுக்கு ஆகாத அறை ஒரு குடும்பத்துக்கு வீடாயிற்று. சஜூசும் மனமுவந்து கொடுக்கவில்லை. அவருக்கே பிள்ளைகள் பலர். இவர்களுக்கும் சேர்த்துப் பங்கிட வேண்டி வருமே என்று அஞ்சினார். அந்த அச்சத்தை நாம் பழிப்பதற்கில்லை. அஞ்சியும் கதவைத் திறந்தாரே, அதுவே பெரிது.

அவ்வறையின் அளவு 4.40 மீட்டர் நீளம், 3.72 மீட்டர் அகலம். அதில் ஆறு பேர்: தாய், தந்தை, பெர்னதெத், தங்கை துவானெத், தம்பிகள் ழான் மரி, ஜூஸ்தென். கம்பி போட்ட சன்னல்கள் சிறு முற்றத்தை நோக்கின. அம்முற்றத்தில் எருக்குவியல் இருந்தது. அடுப்பை மூட்டினால் புகை, மூட்டாவிட்டால் குளிர். இழுப்பு நோயாளியைக் குடிவைக்கத் தகாத அறை ஒன்றைத் தேடினாலும் இதைவிடப் பொருத்தமாகக் கிடைத்திராது. பெர்னதெத் பெரியம்மா வீட்டிலிருந்து திரும்பி வந்து சேர்ந்தது இந்த அறைக்குத்தான். மாலையில் கீழிருந்து குடும்ப செபம் மாடிக்குக் கேட்கும் என்று சஜூஸ் பின்னாளில் சாட்சி கூறினார். இரவில் அவளுடைய இருமலும் கேட்டிருக்கத்தான் வேண்டும்.

அந்த வீட்டில் சோள மாவுக் களிதான் உணவு. பெர்னதெத்தின் வயிறு அதை ஏற்கவில்லை. ஆகவே அவளுக்கென்று மட்டும் தாய் சிறிது கோதுமை ரொட்டி வாங்கினாள். மற்றப் பிள்ளைகளுக்கு அது கண்ணை உறுத்தியது. தாயின் தலை மறைந்ததும் தம்பி தங்கையர் அதைப் பறித்துக்கொள்வார்கள்; பெர்னதெத் தாயிடம் சொல்லவும் மாட்டாள். பசித்த பிள்ளைகள், பறிக்காமல் என்ன செய்வார்கள்? ழான் மரி ஒருநாள் ஆலயத்தில் தரையில் சொட்டியிருந்த மெழுகைச் சுரண்டித் தின்றுகொண்டிருந்ததை ஊர்ப் பெண்மணி ஒருவர் கண்டார். நோயாளிக்கு வெள்ளை ரொட்டி கொடுத்த தாய், நலமாயிருந்த பிள்ளையின் பசியை அறியாதவள் அல்லள். இரண்டையும் அறிந்துகொண்டேதான் அந்த ரொட்டியை வாங்கினாள். புனிதர் வரலாறுகளை எழுதுவோர் இந்த வறுமையை அழகிய ஓவியமாக்கிவிடுவதுண்டு. அதில் அழகு ஏதும் இல்லை.

கஷோவுக்கு வந்து சில வாரங்களிலேயே அடுத்த அடி விழுந்தது. ரொட்டிக் கடைக்காரர் ஒருவரிடம் இரண்டு மூட்டை மாவு களவுபோயிற்று. 1857 மார்ச் 27 அன்று காவலர்கள் வந்து பிரான்சுவாவைக் கைது செய்தார்கள். அவர்மீது ஐயம் கொள்ளக் கடைக்காரர் கூறிய காரணம் அவருடைய வறுமைதான். வேறு சான்று இல்லை. ஏப்ரல் 4 அன்று, குற்றம் நிறுவப்படாமல், விடுவிக்கப்பட்டார். ஒரு நாட்கூலியாளின் குடும்பத்திற்கு அந்த நாட்கள் என்ன பொருள்படும் என்பதைச் சொல்ல வேண்டுமா? அதைவிட, ஊர் அதை மறக்கவில்லை என்பதே கொடுமை. மறு ஆண்டு மகள் காட்சி கண்டதாகச் சொன்னபோது, இன்னாருடைய மகள்தானே என்ற பேச்சு முன்னே சென்றது.

1857 செப்டம்பரில் பெர்னதெத் மீண்டும் அனுப்பப்பட்டாள். இம்முறை பர்த்ரெஸ் என்ற மலைச்சிற்றூருக்கு. கைக்குழந்தையாக இருந்தபோது அவளுக்குப் பாலூட்டிய மரி லகுவெஸ் அங்கே இருந்தாள். முன்பு தாய் லூயிசின் மார்பில் எரியும் திரி விழுந்து தீப்புண் ஏற்பட்டபோது, தன் குழந்தையைப் பறிகொடுத்திருந்த மரியிடம் பெர்னதெத்தை ஒப்படைத்திருந்தார்கள். இப்போது அங்கே நல்ல காற்று உண்டு, உணவு உண்டு, பள்ளிக்கும் மறைக்கல்விக்கும் அனுப்புவதாக வாக்கும் உண்டு. வாக்கு காற்றோடு போயிற்று. ஆடு மேய்க்கத்தான் அனுப்பப்பட்டாள். இரவில் மரியே ஞானோபதேசம் சொல்லிக்கொடுக்க முயன்றாள். பிரெஞ்சு மொழியில் இருந்த கேள்வி பதில்கள் தன் வட்டார மொழி மட்டுமே அறிந்த அச்சிறுமிக்கு விளங்கவில்லை. பதினான்கு வயதாகியும் புதுநன்மை வாங்காதது அவள் மனத்தை வாட்டியது. நல்ல காற்றை விட்டுவிட்டு, 1858 சனவரியில், தானே பிடிவாதமாகக் கஷோவுக்குத் திரும்பினாள். அந்த முடிவு நமக்கு வியப்பளிக்கிறது. மூச்சுக்கு ஏற்ற இடம் ஒன்று. ஆன்மா நாடிய இடம் மற்றொன்று. அவள் இரண்டாவதைத் தேர்ந்தாள்.

பிப்ரவரி 11, வியாழக்கிழமை. வீட்டில் விறகு இல்லை. துவானெத்தும் அடுத்த வீட்டுத் தோழி ழான் அபாதியும் சுள்ளி பொறுக்கப் புறப்பட்டார்கள். பெர்னதெத்தும் வருவேன் என்றாள். வெளியே கடுங்குளிர், இழுப்பு வந்துவிடும் என்று தாய் தடுத்தாள். மன்றாடியபின் இசைந்தாள், முக்காட்டை நன்கு போர்த்திக்கொள்ளச் சொன்னாள். மற்றச் சிறுமியர் வெறுங்காலில் மரச்செருப்பு அணிந்திருந்தனர். பெர்னதெத்துக்கு மட்டும் காலுறை இருந்தது. வெள்ளை ரொட்டியைப் போலவே அந்தக் காலுறையும் அவளுடைய நோய்க்காகத் தாய் செய்த தனிச்செலவு.

காவ் ஆறும் ஆலை வாய்க்காலும் கூடும் இடத்திற்கு வந்தார்கள். எதிரே மசாபியேல் பாறை. மற்ற இருவரும் செருப்பைக் கழற்றி, தண்ணீரின் குளிருக்கு அழுதுகொண்டே கடந்து சென்றார்கள். பெர்னதெத் தயங்கி நின்றாள். காலை வைத்து நடக்கக் கற்கள் போடுமாறு கேட்டாள், தோழி மறுத்துவிட்டாள். ஆகவே தனியே அமர்ந்து காலுறையைக் கழற்றத் தொடங்கினாள். அப்போதுதான் காற்றின் ஓசை கேட்டது, நிமிர்ந்து பார்த்தாள். பின்னர் வாய்க்காலைக் கடந்தபோது நீர் பாத்திரம் கழுவும் நீரைப்போல் வெதுவெதுப்பாக இருந்ததாகச் சொன்னாள். சமையற்கட்டில் வளர்ந்த பிள்ளையின் உவமை!

நோய் இல்லாதிருந்தால் மற்றவர்களோடு சேர்ந்து நீரைக் கடந்து, சுள்ளி பொறுக்கப் போயிருப்பாள். நோயே அவளைப் பின்தங்க வைத்தது. தாயின் அக்கறை அவளை அமர வைத்தது. இறைவன் வேறு வழியில் அழைத்திருக்க முடியாதா என்று கேட்டால், முடியும்தான். ஆயினும் நடந்தது இது.

அதன்பின் நிகழ்ந்தவற்றை நம் மக்கள் நன்கு அறிவர். சிலவற்றை மட்டும் குறிப்பிடுவோம். பிப்ரவரி 25 மாலை அரசு வழக்கறிஞர் தாயையும் மகளையும் அழைத்து விசாரித்தார். நெடுநேரம் இருவரும் நின்றுகொண்டே இருந்தார்கள். கணவர் சிறைசென்ற நாட்களை மறவாத லூயிஸ் நடுங்கித் தளர்ந்தபின்தான் நாற்காலி சுட்டிக் காட்டப்பட்டது. தாய் அமர்ந்தாள். பெர்னதெத்தோ, நாங்கள் அழுக்காக்கிவிடுவோம் என்ற பொருள்படச் சொல்லித் தரையில் சம்மணமிட்டாள். மார்ச் 27 அன்று மூன்று மருத்துவர்கள் அவளைச் சோதித்தார்கள். தந்தை கைதாகிச் சரியாக ஓராண்டு நிறைவுற்ற நாள் அது. இழுப்பைக் குறித்துக்கொண்டார்கள், அவளை அடைத்து வைக்கக் காரணம் காணவில்லை. அவளைப் பார்க்க வந்தோர் அந்தச் சிறையறைக்குள் நின்று காசை நீட்டினார்கள். குடும்பத்தார் வாங்கவில்லை. ஏமாந்து வாங்கிவிட்ட தம்பியை அறைந்து, திருப்பிக் கொடுத்துவரச் செய்தாள் அக்காள். சூன் 3ஆம் நாள் அவள் ஏங்கியிருந்த புதுநன்மை கிடைத்தது.

மசாபியேலில் அவள் கைகளால் தோண்டிய ஊற்று மற்றவர்களுக்குப் பயன்பட்டது; அவளுடைய இழுப்பை அது நீக்கவில்லை. காட்சிகள் முடிந்தபின் குடும்பம் கஷோவை விட்டு வெளியேறி, முதலில் ஒரு வாடகை அறைக்கும் பின் வேறோர் ஆலைக்கும் மாறியது. 1860 சூலையில் பெர்னதெத் அருள்சகோதரிகள் நடத்திய மருத்துவ இல்லத்தில் சேர்க்கப்பட்டாள். பதிவேட்டில் அவள் பெற்ற இடம் வறிய நோயாளி என்பதே. பார்வையாளரின் தொல்லையிலிருந்து காப்பதும் நோக்கமாக இருந்தது. ஆனாலும் பெற்றோருக்கு இது மூன்றாம் முறை பிள்ளையை வெளியே அனுப்பியதாகத்தான் இருந்திருக்கும்.

பிரான்சுவாவுக்கு ஆயர் லோரான்ஸ் அவர்களின் உதவியால் பின்னாளில் லக்காதே ஆலை கிடைத்தது. திரிகை மீண்டும் சுழன்றது. 1866 சூலை 3ஆம் நாள் இரவு குடும்பத்தார் அனைவரும் அந்த ஆலையில் பெர்னதெத்துடன் உணவருந்தினர். மறுநாள் அவர் நெவேர் நகரத் துறவு மடத்துக்குப் புறப்பட்டார். அந்த அக்டோபர் 25 அன்று இழுப்பு முற்றி, இறந்துவிடுவார் என்று எண்ணி அவருக்கு நோயிற்பூசுதல் கொடுத்தார்கள். ஆயரே வந்து அவருடைய வார்த்தைப்பாட்டை ஏற்றார். மகள் பிழைத்துக்கொண்டார். அதே ஆண்டு திசம்பர் 8 அன்று, அமல உற்பவத் திருநாளில், லக்காதே ஆலையில் லூயிஸ் இறந்தாள். வயது 41. வெள்ளை ரொட்டியும் காலுறையும் வாங்கிக் கொடுத்தவளின் அடக்கத்துக்கு, நெவேரில் இருந்த மகளால் வர இயலவில்லை.